கைப்பேசியில் கேட்காத செல்லோ

ஏழு ஆண்டுகளுக்கு முன் என் நண்பன் ஒருவன் மூன்று நிமிட இசைக்கோப்பு ஒன்றைப் புலனத்தில் அனுப்பினான். பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் தொழில்நுட்பர் அவன். பள்ளிக் காலத்தில் மாசாயில் வயலின் கற்றவன். இரவு வேலை முடிந்து வந்து, தூக்கத்தை ஒத்திப்போட்டு, இலவச மென்பொருளில் ஒவ்வொரு சுரமாகச் சொடுக்கிச் சொடுக்கி எழுதிய இசை அது. பாட்டு இல்லை, வரிகள் இல்லை. வயலின்கள், வியோலா, செல்லோ, டபுள் பேஸ் என்று தந்திக் கருவிகள் மட்டும்.

நான் அப்போது தாமான் ரிந்திங்கிலிருந்து நிலையத்துக்குக் கிளம்பிக் கொண்டிருந்தேன். காரில் ஏறி, கைப்பேசியை டேஷ்போர்டில் வைத்து, அதன் சிறிய ஒலிபெருக்கியிலேயே ஓடவிட்டேன். சாலைச் சத்தத்துக்கு நடுவே ஒன்றரை நிமிடம் கேட்டிருப்பேன். சமிக்ஞை விளக்கில் நின்றபோது ஒரு குரல் பதிவு அனுப்பினேன்: "மச்சான், ஓகே லா. ஆனா சினிமா பின்னணி மாதிரி இருக்கு. மெலடியே காணோம்."

அவன் ஒரு சிரிப்புப் படம் அனுப்பினான். அதற்குப் பிறகு எந்த இசையும் அனுப்பவில்லை. திருமணத்தில் சந்தித்தோம், தீபாவளிக்குச் சந்தித்தோம். இசையைப் பற்றி மட்டும் பேசவில்லை. சென்ற ஆண்டு அவன் மனைவி பேச்சுவாக்கில் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது: அவன் எழுதுவதையே அன்றோடு நிறுத்திவிட்டானாம்.

ஒலியை வைத்துச் சோறு தின்பவன் நான். ஊடகவியல் படித்தவன். ஒரு மனிதனின் இசையைக் கைப்பேசி ஒலிபெருக்கியில் பாதி கேட்டுத் தீர்ப்பு சொன்னேன். இந்தக் கட்டுரை அந்தத் தீர்ப்பில் தொடங்குகிறது.

ஐவர் கூட்டம்

வேலைக்குப் போய்க்கொண்டே சிம்பொனி எழுதுவது என்றால் நம் ஊரில் சிரிப்பார்கள். ஆனால், உலகம் இன்றும் கேட்டுக் கொண்டிருக்கும் இசையில் ஒரு பகுதி அப்படி எழுதப்பட்டதுதான்.

1860-களில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஐந்து பேர் அடிக்கடி ஒன்றுகூடினார்கள். பின்னாளில் 'ஐவர்' என்றே அவர்களுக்குப் பெயர் நிலைத்தது. அவர்களில் போரோதின் வேதியியல் பேராசிரியர். சேசார் குயி ராணுவப் பொறியாளர், கோட்டை கட்டும் கலையில் வல்லுநர். முசோர்க்ஸ்கி முதலில் படை அதிகாரி, பிறகு அரசாங்க அலுவலர். ரிம்ஸ்கி-கோர்சகோவ் கடற்படை அதிகாரி. இசையையே வாழ்க்கையாகக் கொண்டிருந்தவர் பலாகிரெவ் ஒருவர்தான். அவரும் இசைக் கல்லூரியில் படித்துத் தேறியவரல்லர்.

எழுதியதை எடுத்து வருவார்கள். பியானோவில் வாசித்துக் காட்டுவார்கள். இந்த இடத்தில் கொம்பு வேண்டாம், புல்லாங்குழல் போடு. இந்த முடிவு சரியில்லை, மாற்று என்று ஒருவர் மற்றவருக்குச் சொல்வார்கள். ஆசிரியரும் இல்லை, பாடத்திட்டமும் இல்லை. ஒருவர் காது இன்னொருவருக்குப் பள்ளிக்கூடம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது மாலுமியின் கதை. பாசிர் கூடாங் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வாழ்பவனுக்குக் கப்பல்காரன் கதை பிடிக்காமல் போகுமா? ரிம்ஸ்கி-கோர்சகோவ் 18 வயதில், 1862-இல், 'அல்மாஸ்' என்ற கப்பலில் ஏறினார். பயணம் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் நீடித்தது. கையில் பாதி எழுதிய சிம்பொனி. கப்பல் இங்கிலாந்தில் நின்றிருந்தபோது அதன் மெதுவான பகுதியை எழுதி முடித்து, பலாகிரெவுக்குத் தபாலில் அனுப்பினார். நாம் இன்று கோப்பை அனுப்பிவிட்டு இரண்டு நீலக் கோடுகளுக்காகப் பத்து நிமிடம் தவிக்கிறோமே, அந்த இளைஞன் கடிதத்துக்காக எத்தனை நாள் தவித்திருப்பான்!

1865 டிசம்பரில் பலாகிரெவ் நடத்த அந்தச் சிம்பொனி அரங்கேறியது. கைதட்டல் எழுந்தபோது மேடைக்கு வந்து வணங்கியவர் கடற்படைச் சீருடையில் நின்ற 21 வயது இளைஞர்.

கதை அங்கே முடியவில்லை. 1871-இல் அவரைச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் இசைக் கல்லூரிக்குப் பேராசிரியராக அழைத்தார்கள். வேலையை ஏற்றுக்கொண்ட பிறகுதான் தமக்கு அடிப்படை இலக்கணமே முறையாகத் தெரியாது என்பது அவருக்கு உறைத்தது. மாணவர்களுக்குத் தெரியாமல், அவர்களுக்கு ஒரு படி முன்னால் நிற்பதற்காகத் தாமே உட்கார்ந்து படித்தார். அந்தப் பயிற்சிகளை சாய்கோவ்ஸ்கிக்கு அனுப்பிக் கருத்தும் கேட்டார். பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் 'நான் எழுதியது சரியா?' என்று கேட்க அவர் கூச்சப்படவில்லை. வாத்தியங்களைக் கையாளும் கலையைப் பற்றி அவர் எழுதிய நூல் அவர் மறைவுக்குப் பின் 1913-இல் வெளிவந்தது. இன்றும் இசை மாணவர்கள் அதைப் புரட்டுகிறார்கள்.

ஒரு தீர்ப்பின் விலை

அதே கூட்டத்தில்தான் வேறொன்றும் நடந்தது.

1867 ஜூன் மாதம் முசோர்க்ஸ்கி ஓர் இசைப் படைப்பை முடித்தார். சூனியக்காரிகள் மலையுச்சியில் கூடும் இரவைச் சொல்லும் இசை. முரட்டுத்தனமானது, அதுவரை கேட்டிராத ஓசைகள் கொண்டது. பலாகிரெவுக்கு அது பிடிக்கவில்லை. குறைகளை அடுக்கினார், அரங்கேற்ற மறுத்தார். முசோர்க்ஸ்கி 1881-இல் இறந்தார். தாம் எழுதிய அந்த வடிவத்தை ஒருமுறைகூட அவர் மேடையில் கேட்கவில்லை.

பிறகு 1886-இல் ரிம்ஸ்கி-கோர்சகோவ் அதை எடுத்து, 'கரடுமுரடுகளை' எல்லாம் இழைத்து, தம் பாணியில் திருத்தி மேடையேற்றினார். உலகம் முழுவதும் புகழ் பெற்றது அந்தத் திருத்திய வடிவம்தான். 1940-இல் வெளிவந்த டிஸ்னியின் 'ஃபேன்டேசியா' படத்தில் கருப்பு மலைப் பூதம் எழும் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். அதில் வரும் இசையும் அந்த வழியில் வந்ததே. முசோர்க்ஸ்கி தம் கையால் எழுதிய மூல வடிவம் அச்சேறியது 1968-இல். நூறு ஆண்டு தாமதம்! இன்று அதைக் கேட்பவர்கள், அன்று குறை என்று சொல்லப்பட்ட முரட்டுத்தனமே அதன் உயிர் என்கிறார்கள்.

பலாகிரெவ் கெட்டவர் இல்லை. நண்பர்தான். மாலுமிப் பையனைத் தூக்கிவிட்ட அதே கைதான் இங்கே அழுத்திவிட்டது. இதைப் படித்தபோது என் காரின் டேஷ்போர்டு நினைவுக்கு வந்தது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். போரோதினுக்கு ஆய்வுக்கூடமும் மாணவர்களும் போக மிச்சமிருந்த நேரம்தான் இசைக்கு. 'இளவரசர் ஈகோர்' என்ற ஓபராவை 1869-இல் தொடங்கியவர், 1887-இல் திடீரென்று இறக்கும்வரை, 18 ஆண்டுகள் எழுதியும் முடிக்கவில்லை. ஒருமுறை நிகழ்ச்சிக்கு நாள் நெருங்கியும் தாள்கள் தயாராகாதபோது நண்பர்கள் அவரோடு உட்கார்ந்து எழுதினார்கள். பென்சிலில் எழுதியது அழிந்துவிடக் கூடாது என்று வேதியியல்காரர் ஒவ்வொரு தாளுக்கும் ஜெலட்டின் கரைசல் பூசிக் காயவைத்தாராம்! அவர் மறைவுக்குப் பின் ரிம்ஸ்கி-கோர்சகோவும் இளைஞரான கிளசுனோவும் அந்த ஓபராவை முடித்து, 1890-இல் மேடையேற்றினார்கள். நண்பர்கள் இல்லையென்றால் அந்த இசை ஓர் அலமாரியோடு போயிருக்கும்.

கணினிக்கு நுரையீரல் இல்லை

'கருத்துச் சொல்வது' என்றால் எதைப் பற்றி? மெட்டு நன்றாக இருக்கிறது, இல்லை என்பது மட்டுமா?

வாத்திய அமைப்பு என்பது மெட்டுக்கு அடுத்த கட்டம். ஒரே வரியை எந்தக் கருவிக்குக் கொடுப்பது, அதன் அடியில் யார் நிற்பது, யார் சும்மா இருப்பது என்பதை முடிவு செய்வது. கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரமும் வீணையும் ஒரே வரியைச் சேர்ந்து வாசித்தால் வீணையை யார் கேட்பார்? அதே தொல்லைதான் மேற்கத்திய இசைக்குழுவிலும். புல்லாங்குழலின் கீழ் சுரங்கள் மென்மையானவை. அதன் பக்கத்தில் டிராம்போன்கள் ஓங்கி ஒலித்தால் புல்லாங்குழல்காரர் வாயசைப்பதை மட்டுமே பார்க்கலாம். பலமாக வாசிக்கும்போது ஒரு டிரம்பெட்டுக்கு ஈடுகொடுக்க இரண்டு கொம்புகள் வேண்டும் என்று ரிம்ஸ்கி-கோர்சகோவ் தம் நூலில் கணக்கே போட்டிருக்கிறார்.

கணினியில் எழுதுபவர்களுக்கு இது தெரியாமலே போகலாம். மென்பொருளில் புல்லாங்குழலின் ஒலியளவை விரலால் ஏற்றிவிட்டால் பத்து டிராம்போன்களுக்கு மேலேயும் அது கேட்கும். நாற்பது விநாடி மூச்சே விடாமல் பலமாக வாசிக்கும். கணினிக்கு நுரையீரல் இல்லை, உதடு வலிக்காது, அடுத்த தாளைப் புரட்ட நேரமும் வேண்டாம். உண்மையான கலைஞர் கையில் அந்தத் தாளைக் கொடுத்தால் முதல் வரியிலேயே நிமிர்ந்து பார்ப்பார்.

எழுத்திலும் பொறிகள் உண்டு. சாதாரண கிளாரினெட் எழுதியதைவிட ஒரு முழுச் சுரம் கீழே ஒலிக்கும். கொம்பு ஐந்தாம் சுர அளவு கீழே. டபுள் பேஸ் முழு ஸ்தாயி கீழே. இதை அறியாமல் எழுதிய தாளை ஒரு குழு வாசித்தால், ஆளுக்கொரு ஸ்ருதியில் பஜனை பாடியது போல இருக்கும்.

நம்மவர்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல்: கமகம். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் அசையாமல் நிற்கும் சுரம் இல்லை, ஊசலாடிக்கொண்டே இருக்கும். ஒரு வயலின் அதை வாசித்தால் அழகு. பன்னிரண்டு வயலின்கள் ஆளுக்கு ஒரு வேகத்தில் ஆட்டினால் குழப்பம். சிலர் கமகத்தை ஒரே ஒரு வாத்தியத்துக்குக் கொடுத்து, மற்றவர்களை நேர்ச்சுரத்தில் நிற்க வைக்கிறார்கள். சிலர் அசைவையே சின்னச் சின்ன சுரங்களாகப் பிரித்து எழுதுகிறார்கள். சிலர் தாளைக் கீழே வைத்துவிட்டு, பாடிக் காட்டுகிறார்கள். எது சரி என்பதற்குச் சூத்திரம் இல்லை. கேட்டுச் சொல்ல இன்னொரு காது வேண்டும்.

நம் வீட்டுக் கதை

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று ஒதுக்க வேண்டாம். முத்துசுவாமி தீட்சிதர் மேற்கத்திய பேண்டு மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் செய்தார். 'நோட்டுஸ்வரம்' என்று நாம் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது அவற்றைத்தான். அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதர் வயலினைக் கற்று அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர்களில் முன்னோடி. சென்னையில் சின்னசாமி முதலியார் நம் கீர்த்தனைகளை மேற்கத்திய ஐந்து கோட்டுக் குறியீட்டில் எழுதி 1893-இல் வெளியிட்டார்.

தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதரை எடுத்துக்கொள்ளுங்கள். தொழில் சித்த மருத்துவம். ஆனால், 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, வித்துவான்களைத் தஞ்சைக்கு அழைத்து, சொந்தச் செலவில் இசை மாநாடுகள் நடத்தினார். சுருதிகள் எத்தனை, ராகம் பிறப்பது எப்படி என்று எல்லாரும் கூடி வாதாடினார்கள். 1916-இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் அவர் தம் கருத்தை எடுத்துவைத்தபோது, அதை வீணையில் நிரூபித்துக் காட்டியவர்கள் அவருடைய மகள்கள். மறு ஆண்டு 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது. மருத்துவர் எழுதிய அந்த நூல் இல்லாமல் தமிழிசை ஆராய்ச்சியைப் பற்றி இன்று பேச முடியாது.

என் துறையும் பங்களித்திருக்கிறது. அகில இந்திய வானொலி 1952-இல் 'வாத்திய விருந்தா' என்ற தேசிய வாத்தியக் குழுவை அமைத்தது. அதை வழிநடத்தியவர்கள் சிதார் மேதை ரவிசங்கரும் நம் டி. கே. ஜெயராம ஐயரும். தனியாக வாசித்தே பழகிய நம் வாத்தியங்களை ஒன்றாக உட்காரவைத்து எழுதிய தாளைப் பார்த்து வாசிக்கச் செய்தது அன்று பெரிய சோதனை.

அதன் பிறகு இளையராஜா. பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்தவர், தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். 1993-இல் லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் குழுவோடு அவர் பதிவு செய்த சிம்பொனி வெளிவரவில்லை. 2025 மார்ச் 8 அன்று, அவருடைய 81 வயதில், லண்டன் மேடையில் அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியது. அன்றிரவு என் கைப்பேசியில் குவிந்த செய்திகளில் ஒன்றுகூட அந்த நண்பனிடமிருந்து வரவில்லை. அது எனக்கு உறுத்தியது.

நம் பக்கத்திலும் கதவுகள் இல்லாமல் இல்லை. மலேசிய ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு 1998 ஆகஸ்டு 17 அன்று கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் அரங்கில் தன் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூரில் மக்கள் கழகத்தின் இந்திய வாத்தியக் குழுவும் பாடகர் குழுவும் இருக்கின்றன. ஆனால், மாசாயில் ஷிஃப்ட் முடிந்து வந்து எழுதும் ஒருவனின் முதல் படைப்பு அந்த மேடைகளை எட்டுவதற்கு வெகுகாலம் முன்பே, அதை ஒரு நண்பன் கேட்டாக வேண்டும். பெரும்பாலும் அந்த நண்பன்தான் அதன் முழு அரங்கமும்.

கேட்பவருக்கு ஐந்து வார்த்தைகள்

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ எழுதிக் கொண்டிருக்கலாம். தங்கையாக இருக்கலாம், அலுவலக நண்பராக இருக்கலாம். ஒருநாள் 'கேட்டுப் பாருங்களேன்' என்று அனுப்புவார்கள். பட்டுத் தெரிந்துகொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஒன்று, நேரம் இல்லையென்றால் 'இரவு கேட்கிறேன்' என்று சொல்லுங்கள். காத்திருப்பது யாரையும் கொல்லாது. காதணி ஒலிபெருக்கி போட்டு, முழுதும், இரண்டு முறை கேளுங்கள்.

இரண்டு, தீர்ப்புக்கு முன் நீங்கள் கேட்டதைச் சொல்லுங்கள். "தொடக்கத்தில் யாரோ நடந்து வருவது போல இருந்தது, நடுவில் எங்கே போவது என்று தெரியவில்லை" என்றால் எழுதியவருக்கு அதில் பாடம் இருக்கிறது. "ஓகே லா" என்பதில் எதுவும் இல்லை.

மூன்று, இடத்தைச் சுட்டுங்கள். "ஒரு நிமிடம் பத்தாவது விநாடியில் வயலின்கள் மற்றதை மூடிவிடுகின்றன" என்று சொல்ல இசை இலக்கணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

நான்கு, என்ன நினைத்து எழுதினாய் என்று கேளுங்கள். நீங்கள் குறை என்று நினைப்பது அவர் வேண்டுமென்றே செய்ததாக இருக்கலாம். முசோர்க்ஸ்கியின் மலை நினைவிருக்கட்டும்.

ஐந்து, நீங்களே திருத்தி எழுதிக் கொடுக்காதீர்கள். அது அவருடைய இசை.

எழுதுபவருக்கும் ஒரு வார்த்தை. ஒரே ஆளிடம் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். அந்த ஆள் சமிக்ஞை விளக்கில் நின்றுகொண்டிருக்கலாம்.

ஏழு ஆண்டு கழித்து

சென்ற மாதம் பழைய மின்னஞ்சல்களைத் துழாவியபோது அவன் அந்தக் கோப்பை அங்கேயும் அனுப்பியிருந்தது தெரிந்தது. இரவு நிகழ்ச்சி முடிந்ததும் ஒலிப்பதிவு அறையில் தனியாக உட்கார்ந்து, நிலையத்தின் நல்ல காதணியைப் போட்டுக்கொண்டு கேட்டேன்.

மெலடி இருந்தது. முதல் விநாடியிலிருந்தே இருந்தது. செல்லோக்களில் இருந்தது. டபுள் பேஸ்கள் அதன் அடியில் நிழல் போல வந்தன. வயலின்கள் மேலே மெல்லிய திரை மட்டும் விரித்துக் கொண்டிருந்தன.

கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கி 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலும் ஊமை. செல்லோவின் அடித் தந்தி 65 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது, டபுள் பேஸின் அடித் தந்தி 41-இல். கல்லூரியில் முதல் ஆண்டுப் பாடம் இது, தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அன்று காரில் நான் கேட்டது அவனுடைய திரையை மட்டும். திரையைப் பார்த்துவிட்டு, நாடகத்தில் ஆளே இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

குறையும் இருந்தது. இரண்டாவது நிமிடத்தில் வியோலா செல்லோவின் மேலேயே ஏறி உட்கார்ந்து அதை மங்கவைத்தது. அதையும் குறித்துக்கொண்டேன்.

வழிநெடுக வார்த்தை தேடிக்கொண்டே வீட்டுக்கு வந்து, நள்ளிரவில் செய்தி அனுப்பினேன். காரில் கேட்டதை ஒப்புக்கொண்டேன், மன்னிப்புக் கேட்டேன். செல்லோ வரி எனக்கு என்ன செய்தது என்று எழுதினேன். இரண்டாவது நிமிடத்து வியோலாவைப் பற்றியும் எழுதினேன்.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் காலை ஆறேகால் மணிக்கு, அவன் இரவு ஷிஃப்ட் முடியும் நேரத்தில், கைப்பேசி அதிர்ந்தது.

"வியோலா எனக்கும் அப்பவே சந்தேகமாதான் இருந்துச்சு. யாராச்சும் சொல்வாங்கன்னு பார்த்தேன்."

கொஞ்ச நேரம் கழித்து ஒரு கோப்பு வந்தது. நாற்பது விநாடிதான். தேதி முந்தைய நாள். அதன் கீழே ஒரு வரி:

"காதணி போட்டுக் கேள்டா."

நான் பசியாறக் கிளம்பிக் கொண்டிருந்தேன். கார் சாவியை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.